ஆடும் கம்பளியும்: தமிழ் – மலையாள எல்லைப்புறச் சொற்களும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

0. முன்னுரை

சிறிய செம்மறியாட்டுப் பண்ணை ஒன்றின் அன்றாட வாழ்வைக் கூறும் ஆங்கில உரைப்பகுதியைத் தமிழில் பெயர்க்க முனைவோர் நான்கு சொற்களங்களைக் கடக்க வேண்டியிருக்கும். முதலாவது விலங்கின் களம். இரண்டாவது அதனை அடைத்துக் காக்கும் இடமும் காப்போரும் பற்றிய களம். மூன்றாவது கம்பளியின் களம். நான்காவது கைப்பின்னலும் அதற்கெனப் பெண்கள் கூடும் கூட்டங்களும் அடங்கிய களம். முதலிரு களங்களிலும் தமிழ் மிகுந்த வளமுடையது. மூன்றாவதில் அவ்வளம் சுருங்குகிறது. நான்காவதில் ஏறத்தாழக் கடன்சொற்களே எஞ்சுகின்றன.

இவ்வேறுபாடு ஏன் ஏற்பட்டது என்பதையும், அது மொழிபெயர்ப்பாளருக்கு எத்தகைய இடர்களைத் தருகிறது என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விடர்களுள் சில நடை பற்றியவை. சில, ஆடு வளர்ப்போருக்குப் பொருளிழப்பையே உண்டாக்கக் கூடியவை. இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதல் இன்றியமையாதது.

விளக்கத்திற்குரிய களமாகப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கெல்லையும் அதனையொட்டிய தமிழகப் பகுதிகளும் கொள்ளப்பட்டுள்ளன. மலையாளம் முதலிய பிறமொழிச் சொற்கள் தமிழெழுத்திலேயே தரப்படுகின்றன.

1. எல்லைப்புறத்தின் இயல்பு

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தமிழர் மிகுதியாக வாழும் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. இடுக்கி மாவட்டம் 1972இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் வடகிழக்கு மூலையிலுள்ள மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களிலும், பழனிமலைத் தொடரின் மேற்குச் சரிவை ஒட்டிய வட்டவடையிலும் தமிழே ஊர்மொழி. பாலக்காட்டு மாவட்டத்தின் வடகிழக்கில் உள்ள அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் எழுத்துத்தொடர்பு கொள்ள வழிசெய்கிறது. ஆகவே இப்பகுதியில் மொழிபெயர்ப்பு என்பது நூலுலகச் செயல் மட்டுமன்று. அலுவலகச் செயலும் ஆகும்.

ஆடு வளர்ப்பைப் பொறுத்தவரை இவ்வெல்லை இரண்டு வேறுபட்ட முறைகளைக் கொண்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குச் சமவெளியும் பாலக்காட்டு நெல்வயல்களும் இணைகின்றன. கிழக்கே வறண்ட மேய்ச்சல் நிலம், மேற்கே நன்செய். அறுவடை முடிந்தபின் தமிழகப் பக்கத்துச் செம்மறி மந்தைகள் பாலக்காட்டு வயல்களுக்கு ஓட்டிச் செல்லப்படுவதுண்டு. ஆடு தாளடியை மேய்கிறது. வயல் எருப் பெறுகிறது. இங்கு ஆட்டின் பயன் எருவும் இறைச்சியும் ஆகும்.

தெற்கே, பழனிமலையின் மேற்பகுதியில் நிலைமை வேறு. கொடைக்கானலுக்கு மேற்கே, இடுக்கி எல்லைக்கு அண்மையில் உள்ள மன்னவனூரில் மத்தியச் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965இல் நிறுவப்பட்டது. தலைமை நிறுவனம் இராசத்தானத்தின் அவிகாநகரில் 1962இல் தொடங்கப்பெற்றது. மன்னவனூரில் பாரத் மெரினோ எனப்படும் நுண்கம்பளி ஆடுகள் வளர்க்கப்படுகின்றன. இங்கு ஆட்டின் பயன் அதன் மயிர்.

எருவுக்காக வளர்க்கப்படும் ஆட்டைச் சுற்றி வளர்ந்த சொற்கள் பழமையானவை, மக்களிடமிருந்து தோன்றியவை. மென்கம்பளிக்காக வளர்க்கப்படும் ஆட்டைச் சுற்றி அமைந்த சொற்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் வழியே வந்தவை. இக்கட்டுரையில் காட்டப்படும் வேறுபாடுகள் யாவும் இவ்வொரு காரணத்தை அடிப்படையாகக் கொண்டவை எனலாம்.

2. ஆடு: பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும்

2.1 பழைய மரபு

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர், இளமைப் பெயர் ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. அங்கு யாட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்கள் உரியனவாகின்றன. பெண்ணுக்கு மூடு, கடமை என்பன யாட்டுக்கே உரியன என வரையறுக்கப்படுகின்றன. மறி என்னும் இளமைப்பெயரோ யாட்டிற்கு மட்டுமன்றிக் குதிரைக்கும் மான் வகைகளுக்கும் பொதுவாக வைக்கப்பட்டுள்ளது.

இவற்றுள் தகர் என்பது போரிடும் கடாவைக் குறிக்கும் சொல்லாகத் திருக்குறளில் (486) ஆளப்பட்டுள்ளது. இன்றைய பேச்சு வழக்கில் இச்சொற்களுட் பல வழக்கொழிந்தன. கடா அல்லது கிடா, பெட்டை, குட்டி என்பனவே பெருவழக்கின. ஆயினும் மரபியலின் பட்டியல் ஓர் உண்மையை உணர்த்துகிறது. யாடு என்பது இனப்பொதுப்பெயர். செம்மறி, வெள்ளாடு என்னும் பிரிவுகள் அதன் கீழ் அடங்குவன.

ஆங்கிலத்தில் இவ்விரு விலங்குகளுக்கும் பொதுவான எளிய சொல் இல்லை. தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்போர் அதனால் நுண்மை இழக்கும் இடரை எதிர்கொள்கின்றனர். ஆங்கிலத்தில் பெயர்ப்போரோ மூலத்தில் இல்லாத ஒரு தேர்வைச் செய்யுமாறு நெருக்கப்படுகின்றனர். பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' (2008) என்னும் மலையாளப் புதினத்தின் ஆங்கில ஆக்கம் (2012) தலைப்பிலேயே வெள்ளாட்டுக்குரிய சொல்லைத் தேர்ந்துகொண்டது. ஆடு என்னும் பொதுச்சொல்லை அப்படியே ஏற்கும் சொல் ஆங்கிலத்தில் இருந்திருப்பின் அத்தேர்வு தேவைப்பட்டிராது.

பொதுச்சொல்லும் எல்லையின் இருபுறத்தும் ஒரே வகையாக உணரப்படுவதில்லை. கேரளத்தில் செம்மறி அருகிய விலங்கு. ஆகவே அங்கு அடையின்றி ஆடு எனின் பெரும்பாலும் வெள்ளாடே பொருளாகும். கொங்குப் பகுதியில் இரண்டும் மிகுதி. சூழலே பொருளை உணர்த்தும். எழுத்துருவும் ஒலியும் ஒன்றாயினும் முதற்பொருள் வேறாதல் மொழிபெயர்ப்பாளர் எளிதில் தவறவிடும் செய்தியாகும்.

2.2 வெள்ளாடும் செம்மறியும்

வெள்ளாடு என்னும் தொகைச்சொல்லில் வெண்மை இருப்பினும் பொருளில் வெண்மை இல்லை. காராட்டை வெள்ளாடு என்பதை நன்னூல் உரையாசிரியர்கள் மங்கல வழக்கிற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். செம்மறி என்பதும் அத்தகையதே. செந்நிற ஆடும் செம்மறி. வெண்ணிற ஆடும் செம்மறி. இவ்விரு சொற்களிலும் நிற அடைகள் தம் பொருளை இழந்து இனப்பெயரின் உறுப்பாக உறைந்துவிட்டன.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016) இதற்குத் தக்க சான்று. என். கல்யாண்ராமன் ஆக்கிய ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பு கறுப்பு ஆட்டின் கதை என்னும் பொருளில் அமைந்துள்ளது. தமிழறியாத ஒருவர் இரு தலைப்புகளையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடின் வெள்ளை கறுப்பாயிற்று என வியப்பர். கதையில் வரும் குட்டி கறுப்பு நிறத்தது. வெள்ளாடு என்பதன் உறைந்த பொருளை உணர்ந்த மொழிபெயர்ப்பாளர், விலங்கின் இனத்தையும் நிறத்தையும் வெளிப்படையாக்கியுள்ளார்.

எதிர்த்திசையில் இச்சிக்கல் பாலக்காட்டிலேயே எழுகிறது. அட்டப்பாடிக் கறுப்பு என்பது அப்பகுதிக்குரிய ஆட்டினம். மலையாளத்தில் வெள்ளாட்டைக் கோலாடு என்றும் வழங்குவதால், நிறம் பற்றிய முரண் அங்குத் தோன்றுவதில்லை. தமிழில் 'அட்டப்பாடிக் கறுப்பு வெள்ளாடு' என எழுதுங்கால் முதல்முறை படிப்போர் சற்றே தயங்கலாம். எனினும் கறுப்பு ஆடு என மட்டும் எழுதி இனத்தை விட்டுவிடுதல் தக்கதன்று. நிறமுரண் படிப்போரைச் சிறிதுபொழுது தயங்கச் செய்யும். இனமயக்கமோ தவறான செயலுக்கே இட்டுச் செல்லும்.

2.3 இனமயக்கத்தின் விளைவு

செம்பு என்னும் கனிமம் செம்மறியின் ஈரலில் எளிதில் தேங்கி நஞ்சாகக் கூடியது. வெள்ளாடு அதனை மிகுதியாகத் தாங்கும். ஆகவே வெள்ளாட்டிற்கென அமைக்கப்பட்ட தாதுஉப்புக் கலவை செம்மறிக்கு ஊறு விளைக்கலாம். ஆங்கிலக் குறிப்பில் வெள்ளாட்டுக்கு எனத் தெளிவாக இருப்பதைத் தமிழில் 'ஆடுகளுக்கான தாதுஉப்பு' எனப் பெயர்ப்பின், இலக்கணப் பிழை ஏதும் இல்லை, நடையும் இயல்பானதே. ஆயினும் அக்கலவையைச் செம்மறி மந்தைக்கு இடுபவர் தம் ஆடுகளை இழக்க நேரிடும்.

அம்மை நோயும் இத்தகையதே. செம்மறிக்கு வரும் அம்மையும் வெள்ளாட்டுக்கு வரும் அம்மையும் நெருங்கிய உறவுடைய, ஆனால் வெவ்வேறான நச்சுயிரிகளால் தோன்றுவன. வழக்கில் இரண்டும் ஆட்டம்மையே. இதற்கு மாறாக ஆட்டுக்கொல்லி நோய் இரு விலங்குகளையும் தாக்குவதாதலின் அங்குப் பொதுச்சொல் பொருத்தமுடையது. பொதுச்சொல் எங்கு உண்மையைச் சொல்கிறது, எங்கு உண்மையை மறைக்கிறது என்பதை நோயியல் அறிவே காட்டும், அகராதி காட்டாது.

3. பட்டி, கிடை, காப்போர்

3.1 பட்டியும் கிடையும்

ஆடுகளை அடைக்கும் இடம் தமிழில் பட்டி. மூங்கிலாலோ முள்ளாலோ அமைந்த படல்களை நிறுத்தி ஆக்கப்படுவது ஆட்டுப்பட்டி. ஊர்ப்பெயர்களின் ஈறாகவும் இச்சொல் பெருவழக்கிற்று. மலையாளத்திலோ பட்டி என்பது நாய். அங்கு ஆடு அடைக்கும் இடத்தை ஆட்டின்கூடு என்பர். தமிழில் கூடு பறவைக்குரியது. எனவே 'பட்டியைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும்' என்னும் தமிழ்த் தொடர் சொல்வடிவு மாறாமல் மலையாளத்திற்குச் செல்லுமாயின் ஆட்டுக்குரிய அறிவுரை நாய்க்குரியதாகிவிடும். ஒருமூலச் சொற்கள் மிகுந்த இரு மொழிகளுக்கிடையே இத்தகைய போலி ஒப்புமைகள் மிகுதியாகத் தோன்றுவது இயல்பே.

கிடை என்பது பட்டியினும் நுண்ணியது. கிட என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் மந்தை இரவில் படுத்துக் கிடக்கும் இடத்தையும், அவ்வாறு கிடத்தி வயலுக்கு எருவேற்றும் செயலையும், கிடந்த மந்தையையும் குறிக்கும். கிடை போடுதல், கிடை மறித்தல் என்பன உழவரும் ஆயரும் செய்துகொள்ளும் உடன்பாட்டைச் சுட்டும் தொடர்கள். ஆங்கிலத்தில் அடைப்பிடத்தைக் குறிக்கும் சொற்கள் உண்டு; ஆட்டின் இரவுக் கிடப்பையே விற்பனைப் பொருளாகக் கருதும் சொல் எளிதிற் கிட்டாது. கி. ராஜநாராயணனின் 'கிடை' என்னும் குறுநாவல் 2003இல் 'ஒருத்தி' எனத் திரைப்படமாகியபோது தலைப்பு மாறியது. தொழிலறியாதார்க்கு இச்சொல்லை விளக்கமின்றி அளித்தல் அரிது.

ஆங்கில மூலத்தில் வேலிசூழ்ந்த நிலையான புல்வெளிகளை ஒவ்வொன்றாக மாற்றி மேய்க்கும் முறை கூறப்பட்டால் அதனைக் கிடை எனப் பெயர்த்தல் கூடாது. அங்குப் புல்லைக் காப்பதே முதன்மை நோக்கம். கிடையிலோ பிறர் வயலுக்கு எருவேற்றுதலே நோக்கம். 'வேலியடைத்த மேய்ச்சல் நிலம்' என விரித்துரைத்தலே நேர்மையானது.

3.2 பல்லும் ஈற்றும்

ஆட்டின் அகவையைப் பல்லால் கணிப்பது இருநாட்டு ஆயருக்கும் பொதுவானது. இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் எனத் தமிழ் ஆயர் கூறுவதற்கு நிகரான சொற்கள் ஆத்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணை வழக்கிலும் உண்டு. பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்களின் முதல் இணை ஏறத்தாழ ஓராண்டை அடுத்து முளைக்கும். பின்னர் ஆண்டிற்கு ஓரிணையாக நான்காண்டளவில் எட்டுப் பற்களும் நிரம்பும். ஆகவே ஆங்கிலத்தில் ஓராண்டு கடந்த குட்டிக்கு வழங்கும் தனிப்பெயருக்குப் புதுச்சொல் படைக்க வேண்டுவதில்லை. 'இரண்டு பல் ஆடு' போதும். தலையீற்று, இரண்டாம் ஈற்று, சினையாடு, பொலிகிடா, காயடித்த கிடா என்பனவும் அவ்வாறே ஆயத்தமாக உள்ளன. இக்களத்தில் புதுச்சொல் படைக்க முனைவது பெரும்பாலும் உள்ள சொல்லை அறியாமையின் விளைவே ஆகும்.

3.3 மேய்ப்பன், ஆயன், இடையன்

காப்போரைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றைக் கிறித்தவ வேத மொழிபெயர்ப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. சீர்திருத்தச் சபைகளின் தமிழ் மொழிபெயர்ப்பில் மேய்ப்பன் என்னும் சொல் நிலைபெற்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ஆயன் என்னும் சொல்லைக் கையாண்டது. மலையாள மொழிபெயர்ப்போ இடயன் என்பதையே கொண்டது. தமிழில் இடையன் என்பது குலப்பெயராக இறுகிவிட்டமையால் உயர்பொருள் சுட்டும் இடங்களில் அது தவிர்க்கப்பட்டிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. மேய்ப்பன் தொழிலைச் சுட்டுகிறது. ஆயன் முல்லைத்திணையின் இலக்கிய நினைவைச் சுமக்கிறது.

எல்லைப்புறப் பெயர்களில் குறும்பர் என்பதும் கவனத்திற்குரியது. கன்னடத்தில் குரி என்பது செம்மறி, தெலுங்கில் கொர்ரெ, தமிழ் நிகண்டுச் சொல்லாகிய கொறி இவற்றோடு உறவுடையது. செம்மறி மேய்த்துக் கம்பளி நெய்யும் குறும்பர் தமிழகத்தின் சமவெளிகளில் வாழ்கின்றனர். கோவை ஆட்டினத்திற்கும் குறும்பை என ஒரு பெயர் உண்டு. ஆனால் அட்டப்பாடிக் குறும்பர் மலைவாழ் மக்கள். காட்டு வேளாண்மையும் காடுபடு பொருள் திரட்டலும் அவர்தம் மரபுவாழ்வு. பெயரொப்புமை கொண்டு அவர்களைச் செம்மறி மேய்ப்போர் எனக் கொள்வது பிழை. இருவரையும் ஒரே சொல்லால் குறிக்கும் கட்டுரைகளைப் பெயர்க்குங்கால் இடஅடை சேர்த்தல் வேண்டும்.

4. கம்பளி

4.1 பெயரின் வரலாறு

கம்பளி என்பது வடமொழிக் கம்பளம் என்பதனோடு தொடர்புடைய சொல். மலையாளத்தில் கம்பிளி. மணிமேகலையில் கம்பளச்செட்டி என்னும் வணிகன் குறிக்கப்படுகிறான். ஆகவே கம்பளம் கடல்வணிகச் சூழலில் பண்டே அறியப்பட்ட பொருளாகும். சிலப்பதிகாரம் மதுரையின் அறுவை வீதியை விவரிக்குங்கால் பருத்திநூல், மயிர், பட்டுநூல் ஆகிய மூன்றாலும் நெய்த ஆடைகளைக் கூறுகிறது. எனவே நெய்தற்குரிய விலங்கிழையைச் சுட்டும் தமிழ்ச்சொல் மயிர் என்பதே.

அச்சொல்லை இன்று உரைநடையில் ஆளுதல் எளிதன்று. தமிழில் மயிர் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது. மலையாளத்தில் அது அதனினும் கடுமையான இடக்கர்ச்சொல்லாயிற்று. அதனால் ஆட்டுமயிர் என்ற இயல்பான தொகையும் அச்சில் குறைந்து, ரோமம், முடி, கம்பளி என்பன அவ்விடத்தைப் பிடித்தன. இடக்கரடக்கல் ஒரு தொழிற்சொல்லையே வழக்கிலிருந்து விலக்கியமைக்கு இது நல்ல சான்று.

4.2 ஒரு சொல், பல பொருள்

இவ்வாறு தனித்து நின்ற கம்பளி என்னும் சொல் இழை, நூல், துணி, போர்வை ஆகிய நான்கையும் சுமக்கிறது. ஆங்கிலப் பண்ணை நூலிலோ ஒவ்வொன்றும் தனிப்பெயருடையது. ஓராட்டிலிருந்து ஒருங்கே கத்தரித்தெடுத்த மயிர்த்தொகுதிக்கும் தனிச்சொல் உண்டு. நான்கையும் கம்பளி எனப் பெயர்ப்பின், 'கம்பளியைக் கழுவினாள்' என்னும் தொடரில் அவள் கழுவியது ஆட்டிலிருந்து எடுத்த மயிரையா, வீட்டிலுள்ள போர்வையையா என்பது விளங்காது. கம்பளிமயிர், கம்பளிநூல், கம்பளித்துணி, கம்பளிப்போர்வை என அடுத்த சொல்லைச் சேர்த்தெழுதினால் மயக்கம் தீரும். தொகையின் உள்ளே நிற்பதால் மயிர் என்பதன் வசைத்தன்மையும் பெரிதும் மறைந்துவிடும்.

இதனினும் மயக்கம் தருவது 'உல்லன்' என்னும் கடன்சொல். கடைவழக்கில் உல்லன் நூல் எனப்படுவது பல வேளைகளில் செயற்கை இழையாலானது. ஆகவே ஆங்கிலத்தில் செம்மறிக் கம்பளி எனப் பொருள்படும் இடத்தில் உல்லன் என எழுதுவது பொருளை உறுதி செய்யாது. கம்பளியின் தகவு இழையின் பருமனைப் பொறுத்தது. அது மைக்ரானில், அஃதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கப்படும். மெரினோ வகையின் இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்கு உட்பட்டது. சமவெளி ஆட்டின் பருமயிர் தோலில் உறுத்துவது. போர்வைக்கும் விரிப்புக்கும் ஏற்றது. குறும்பர் நெய்த கம்பளி, உடலை ஒட்டி அணியும் பின்னலாடையாக வளராமைக்கு இழையின் இவ்வியல்பும் ஒரு காரணம் எனலாம்.

4.3 மலையாடு

மென்கம்பளி இப்பகுதி மலைகளுக்கு வெளியிலிருந்து வந்தது. நீலகிரி ஆட்டினம் 19ஆம் நூற்றாண்டில் கோவை ஆட்டுடன் தாசுமேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய அயலினங்கள் கலந்து உருவானது. இன்று அது எண்ணிக்கையில் மிகச் சுருங்கிய இனம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பேணப்படுகிறது. இனம் சுருங்குங்கால் அதனை வளர்த்தோர் கையாண்ட சொற்களும் சுருங்கும். கத்தரிக்கும் பருவம், மயிரின் தரம், நிறம், சிக்கு, அழுக்கு ஆகியவற்றை மலைச்சிற்றூர் மக்கள் எப்பெயரால் வழங்கினர் என்பது அவர்தம் வாய்மொழியிலிருந்து மட்டுமே திரட்டத்தக்கது. ஆட்டின் கருமுட்டையையும் விந்தையும் உறைநிலையில் சேமிக்கலாம். சொல்லை அவ்வாறு சேமிக்க ஆய்வாளரின் குறிப்பேடு ஒன்றே வழி.

5. பின்னல்

5.1 வினைச்சொற்களின் எல்லை

பாவும் ஊடையுமாகத் தறியில் ஆக்குவது நெய்தல். ஓலையாலும் நாராலும் ஆக்குவது முடைதல். ஊசிநூலால் இணைப்பது தைத்தல். மலையாளத்திலும் நெய்யுக, மெடயுக, தய்க்குக என இவை உள்ளன. சிலப்பதிகாரம் குறிக்கும் துன்னகாரர் என்பதில் உள்ள துன்னு என்னும் வினை தமிழ்ப்பேச்சில் அருகிவிட்டது. மலையாளத்தில் துன்னுக என இன்றும் நாள்வழக்கில் உள்ளது.

பின்னு என்பது கூந்தல், கயிறு, நாற்காலிப் பிரம்பு, வலை ஆகிய பலவற்றிற்கும் பொது. ஒரே நூலை ஊசிகளால் கண்ணி கண்ணியாகக் கோத்து ஆடை ஆக்கும் முறை புதிதாக வந்தபோது அதுவும் இவ்வினையிலேயே அடங்கியது. கொக்கி ஊசி ஒன்றால் ஆக்குவதும் பின்னலே. இரண்டு நீள ஊசிகளால் ஆக்குவதும் பின்னலே. ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது. 'கொக்கிப் பின்னல்', 'ஊசிப் பின்னல்' என அடை கொடுத்தால் இவ்வேறுபாடு காக்கப்படும்.

பின்னலாடைத் தொழிலின் பெருநகராகிய திருப்பூர் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே உள்ளது. ஆயினும் அங்கு ஆளப்படுவது பருத்தி, கருவி எந்திரம், தொழிற்சொற்களோ நிட்டிங், கட்டிங், ஓவர்லாக் என்பன. பின்னலாடை என்னும் சொல் பெயர்ப்பலகையில் உள்ளது. பனியன் என்னும் சொல் வாயில் உள்ளது. கைப்பின்னலுக்குத் தேவையான நுண்சொற்களை அத்தொழிலிலிருந்து பெற இயலவில்லை.

5.2 ரேந்தையும் கூட்டமும்

பெண்கள் ஒருங்கமர்ந்து நூல்வேலை செய்யும் பழக்கம் தென்தமிழகத்தில் கிறித்தவ ஊழியத்தின் வழியே பரவியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு ரேந்தை வேலையைக் கற்பித்தார். அவர்தம் மகள் எலைசா, இராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்தபின் இடையன்குடியில் அதனைத் தொடர்ந்தார். ரேந்தை போர்த்துக்கீசியச் சொல். மலையாளத்திலும் அது வழங்குகிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் (1856) ஆக்கியவரின் ஊர்ப்பெயர் ஆயரைச் சுட்டுவதும், அவ்வூரில் பெண்களின் நூல்வேலை தழைத்ததும், அவ்வேலையின் பெயர் அயல்மொழியினின்று வந்ததும் ஒருங்கே நோக்கத்தக்கன. பொருளும் செயலும் வெளியிலிருந்து வருங்கால் பெயரும் உடன் வருகிறது.

ஆங்கிலப் பண்ணை நூல்களில் வரும் பின்னல் கூட்டத்திற்கு நேரான பழஞ்சொல் தமிழில் இல்லை. எல்லைப்புறத்தில் இயல்பாகக் கிடைக்கும் சொல் அயல்கூட்டம். 1998இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ அமைப்பின் அடிப்படை அலகுக்கு மலையாளத்தில் வழங்கும் பெயர் இது. அங்கு அயல் என்பது அண்டைவீடு. இன்றைய தமிழ் எழுத்து வழக்கிலோ அயல்நாடு, அயலார் என்பவற்றில் புறம், வேற்றுமை என்னும் பொருள் மேலோங்கிவிட்டது. ஆகவே வட்டவடைத் தமிழருக்கு அண்டைவீட்டார் கூட்டமாக விளங்கும் சொல் மதுரைத் தமிழருக்கு வேற்றாரின் கூட்டமாகத் தோன்றலாம். மேலும் அயல்கூட்டம், மகளிர் குழு என்பன சேமிப்பையும் கடனையும் நினைவூட்டுவன. பின்னல் கூட்டமோ பேச்சும் தேநீரும் கைவேலையும் கலந்த பொழுது. இவ்விடத்தில் பெயர்ச்சொல்லைத் தேடுவதினும் 'கூடியிருந்து பின்னினார்கள்' என வினையாக்கிச் சொல்லுதல் தமிழியல்புக்கு ஒத்தது.

5.3 உள்ள சொற்களும் வேண்டிய சொற்களும்

இக்களத்தில் முற்றிலும் புதிதாகச் சொல்லாக்க வேண்டியவை நாம் கருதுவதினும் குறைவே. கைத்தறியாளர் நூற்கட்டைச் சிட்டம் என்பர். உருட்டிச் சுற்றியது கண்டு. முறுக்கிச் சேர்த்த இழையின் எண்ணிக்கைக்குப் புரி என்னும் சொல் முப்புரிநூல் என்பதில் வாழ்கிறது. மூன்றிழைக் கம்பளிநூலை முப்புரிக் கம்பளிநூல் எனலாம். வலைக்குரிய கண்ணி என்னும் சொல் ஊசிப்பின்னலின் ஒவ்வொரு வளையத்திற்கும் பொருந்தும். 'கண்ணி நழுவியது' என்றால் அத்தொழில் அறியாதாரும் உணர்வர்.

பின்னலின் இருவகைக் கண்ணிகளுக்கு நேர்கண்ணி, மறிகண்ணி என்பன பொருந்தலாம். மறித்தல் என்பது திருப்புதல். கண்ணியின் முதுகு முன்புறம் திரும்பி நிற்பதை அது தெளிவாக்கும். இளம் ஆட்டைக் குறிக்கும் மறி வேறு, இம்மறி வேறு. இவை முடிந்த முடிபுகளல்ல. பின்னும் பெண்கள் வேறு சொல் வழங்குவாராயின் அதுவே ஏற்கத்தக்கது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. ஆட்டையும் அதன் அடைப்பிடத்தையும் பற்றிய தமிழ்ச் சொல்வளம் எருவையும் இறைச்சியையும் நோக்கிய பொருளியலின் விளைவு. கம்பளி, பின்னல் ஆகியவற்றின் சொற்குறையும் அதே காரணத்தின் மறுபக்கம். இதனை மொழியின் இயலாமை எனக் கொள்ளல் பொருந்தாது.

2. தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவான சொற்களே எல்லைப்புற மொழிபெயர்ப்பில் மிகுந்த கருத்துடன் கையாளத்தக்கவை. ஆடு, பட்டி, கூடு, அயல் என்பன இதற்குச் சான்றுகள்.

3. இலக்கியத்தில் ஆடு என்னும் பொதுச்சொல் அழகாகலாம். தீவனம், மருந்து, நோய் பற்றிய குறிப்புகளில் செம்மறி, வெள்ளாடு எனப் பிரித்தெழுதுதல் கட்டாயமாகக் கொள்ளப்பட வேண்டும்.

4. கம்பளி, பின்னல் களங்களில் கைத்தறி, வலை ஆகிய அண்டைத் தொழில்களின் சொற்களை முதலில் நாடுதல் நன்று. கடன்சொல்லும் ஆக்கச்சொல்லும் அதன் பின்னரே தேவைப்படும்.

கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் தனிமனிதர் முயற்சியால் எவ்வளவு திரட்டலாம் என்பதைக் காட்டின. மன்னவனூர் முதல் வட்டவடை வரையிலும், பொள்ளாச்சி முதல் சித்தூர் வரையிலும் ஆடு வளர்ப்போரிடமும் நூல்வேலை செய்வோரிடமும் வழங்கும் சொற்களை அவ்வாறு திரட்டுவது அடுத்து ஆற்ற வேண்டிய பணி. மந்தைகள் குறைந்துவருகின்றன, மலைச்சிற்றூர்ப் பிள்ளைகள் வேறு தொழில்களுக்கும், எல்லைக்கு அப்பால் வேறு பயிற்றுமொழிக்கும் செல்கின்றனர். அச்சொற்கள் எழுத்தில் ஏறுமுன் மறையுமாயின் வருங்கால மொழிபெயர்ப்பாளர் அவற்றை மீண்டும் படைக்க நேரும். ஆனால் அவற்றைச் சரியென்றோ பிழையென்றோ கூற ஆயர் எவரும் இரார்.